ஒரு கண்ணி கூட்டிய கொலுசு

என் பிரியமுள்ள பிலோமினா அக்காவுக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. கல்லறைத் திருநாளுக்குக்கூட இந்த முறை மெழுகுவத்தி ஏற்ற வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே. உன் மகளைத் தனியே விட்டுவிட்டு வரமுடியவில்லை.

கொலுசிலிருந்துதான் சொல்லவேண்டும். ரீட்டா கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு நீ பார்த்துப் பார்த்துச் செய்து போட்ட கொலுசு. போன வருஷம் ஒருநாள் வலது காலைத் தூக்கிக் காட்டி, "சின்னம்மா, இது மட்டும் இறுக்கிக்கினு கீது" என்றாள். வளர்கிற பெண்தானே என்று யானைக்கவுனிப் பத்தரிடம் கொண்டுபோய் அதில் ஒரு கண்ணி கூட்டிவந்தேன். "இன்னாம்மா, ஒத்தக் கொலுசுக்கு மட்டும் போதுமா?" என்று அந்த மனுஷன் கேட்டார். போதும் என்றேன். ஒரு கால் மட்டும் எப்படி வளரும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? நீயாக இருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பாய்.

அவள் நொண்ட ஆரம்பித்த பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். கணுக்கால் எலும்புக்குள் கட்டி. கெட்ட கட்டி இல்லை, ஆனால் எலும்பை அரித்துப் பள்ளமாக்கிவிட்டது என்றார் டாக்டர். கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து அந்தப் பள்ளத்தை அடைத்தார்கள். "அப்போ இடுப்புல இன்னா வெப்பாங்கோ?" என்று கேட்டாள். டாக்டரே சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் நாலு மாதம் மாவுக்கட்டு. காலைத் தரையில் ஊன்றவே கூடாது. நான் வேலைக்குப் போயிருக்கும் பகலில் பக்கத்து வீட்டு அம்மா பார்த்துக்கொண்டார். திருவொற்றியூரில் கம்பெனி சங்கு ஊதி நான் ராயபுரம் வந்து சேர்ந்ததும், அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு குழாயடிக்கும் கக்கூசுக்கும் நடக்கவேண்டும். ஒன்பது வயசுப் பிள்ளை என்ன கனம் தெரியுமா? அலுப்பில் ஒருநாள் அதட்டிவிட்டேன். மறுநாள் பூராவும் அவள் தண்ணீரே குடிக்கவில்லை. ஏன்டி என்றால், "நீ தூக்க வேணாம்னுதான்" என்கிறாள். எனக்கு அப்படியே செத்துப்போகலாம் போலிருந்தது அக்கா.

போன வாரம் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். எலும்பு ஒட்டிக்கொண்டதாம். நேற்று சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தாள். கொலுசு கேட்டாள். கால் சூம்பியிருப்பதால் வலது கொலுசு தொளதொளவென்று குதிகாலில் வந்து விழுந்தது. "அந்தக் கண்ணிய எடுத்துடு சின்னம்மா" என்றாள்.

கட்டி திரும்பவும் வரலாம், கவனமாக இருங்கள் என்றிருக்கிறார் டாக்டர். கால் தேறியதும் அந்தக் கண்ணியை எடுத்து இரண்டு கொலுசையும் ஒரே அளவாக்கிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசைக்குப் புறப்படுமுன் அவற்றை அவளுக்குக் கால் மாற்றிப் போட்டுப் பார்ப்பேன். ஒரு காலில் மட்டும் இறுகினால், அன்றைக்கு நான் பத்தரிடம் போகமாட்டேன் அக்கா.

உன் தங்கச்சி,
ரீட்டாவின் சின்னம்மா,
லூர்து