அசையாத பையன்

மார்ச் 4

மதிப்புக்குரிய சாருக்கு,

உங்கள் பழைய லேப் அட்டெண்டரின் வணக்கம். நான் சொல்ல, மருந்துக்கடைப் பெண் எழுதுகிறாள்.

ஆற்றுப் பாலம் இடிந்து, ஹெட்மாஸ்டர் சைக்கிள் களவுபோய்க் குளத்தில் கிடைத்ததே, அந்த வருஷம். உத்தரத்தில் கயிறு கட்டி இரும்புக் குண்டைத் தொங்கவிட்டீர்கள். வகுப்பிலிருந்து ஒரு பையனைச் சுவரோடு நிறுத்தினீர்கள். "அசையாதே. விட்ட உயரத்துக்கு மேல அது ஏறாது. இல்லாத சக்திக்கு அது எங்க போகும்?"

அவன் முகத்துக்கு ஒரு விரல் முன்னாலிருந்து குண்டை விட்டது நான். திரும்பி வந்து இடது கண்ணைக் கொண்டுபோயிற்று. விசாரணையில் "பையன் தலையை நீட்டினான்" என்று எழுதிக் கொடுத்தீர்கள்.

போன வாரம் மருமகளின் கைக்கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொடுத்தேன். கடைக்காரன் அவன்தான். "இந்தத் தொழிலுக்கு ஒரு கண்ணு போதும் பெரியவரே" என்று சிரித்தான். "அன்னைக்கு நான்தான் அசைஞ்சுட்டேன். எங்கம்மா அழுதே செத்தா."

அவன் அசையவில்லை, சார். ஹெட்மாஸ்டர் வாசலில் நின்று பார்க்கிறாரே, நன்றாக ஆடட்டும் என்று ஊஞ்சலைத் தள்ளுகிற மாதிரி லேசாகத் தள்ளிவிட்டேன். அவனிடம் சொல்லிவிடட்டுமா?

(கைநாட்டு)

மார்ச் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கை தள்ளியதை அன்றே பார்த்தேன். இத்தனை வருஷம் "விடுங்க" என்றேனே தவிர, "தள்ளாதீங்க" என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஏன் தள்ளக்கூடாது என்று பிள்ளைகளுக்கு மட்டும்தான் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு பேர் வேலையும் போய்விடுமே, சின்னப் பையன்தானே, மறந்துவிடுவான் என்று அப்படி எழுதினேன். ஆறின புண்ணைக் கிளற வேண்டாம் அண்ணே.

ஃபிசிக்ஸ் வாத்தியார்

ஏப்ரல் 2

மதிப்புக்குரிய சாருக்கு,

மனசு கேட்கவில்லை, போய்ச் சொல்லிவிட்டேன். டீ வாங்கிக் கொடுத்தான். "என்னைத் தேத்தணும்னு சொல்றீங்க. சார் பொய் எழுதுவாரா?" என்றான். கைகூப்பினேன். "என் பொண்ணையே அசையாதே அசையாதேன்னு அடிச்சு வளர்த்தவன் நான். இப்ப வந்து இப்படிச் சொன்னா எப்படி?" என்று லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்துவிட்டான்.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். கைநாட்டுக்காரன் சொல் கடிகாரக் கடைகூட ஏறவில்லை. ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்கள். உங்கள் எழுத்து என்றால் நம்புவான்.

(கைநாட்டு)

மே 11

சார்,

தபால்காரர் வாசலைத் தாண்டும்போதெல்லாம் எழுந்து நிற்கிறேன். ஹெட்மாஸ்டர் போய்ச் சேர்ந்தார். "அட்டெண்டர் தள்ளினாரு" என்ற முதல் பெஞ்சுப் பெண்ணை அதட்டி உட்காரவைத்தோமே, அவளும் போன மழைக்காலத்தில் போய்விட்டாளாம். என் கையைப் பார்த்தவர்களில் உயிரோடு மிச்சம் நீங்கள் ஒருவர்தான்.

(கைநாட்டு)