டிரம்ஸ் இல்லாமல் பாடப்போகிறோம், மச்சான்

எங்கே இருந்தாலும் சும்மா இருக்காமல் எதையாவது தட்டிக்கொண்டே இருக்கும் என் தேவா மச்சானுக்கு,

நலமா என்று எழுதக் கை வரவில்லை. நீ போய் மூன்று தீபாவளி கழிந்துவிட்டது. சிம்பாங் பூலாய் சந்திப்பில், மழையில் அந்த லோரி உன் மோட்டாரை இடித்த இடத்தை பஸ் தாண்டும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். செல்வி திருப்ப மாட்டாள். உன் பெண்டாட்டி, என் தங்கச்சி, என்னைவிட நெஞ்சழுத்தக்காரி.

தோட்டத்தில் ரப்பர் பால்மரத்தை முக்கால்வாசி வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டுவிட்டார்கள். நாங்கள் லயத்து வீட்டைக் காலி செய்து ஈப்போவுக்கு வந்துவிட்டோம். செல்வி என்னோடுதான் இருக்கிறாள். சாப்பிடுகிறாள், வேலைக்குப் போகிறாள், உன்னைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறாள்.

ஒரு சேதி. நாளை சாயங்காலம் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் நம் பேண்டு பாடுகிறது. நம்புவாயா? ஈயச் சுரங்கம் மூடியதிலிருந்து வீட்டில் கிடக்கும் நம் கித்தார் மணியம்தான் கிளப்பிவிட்டான். "டிரம்ஸுக்கு வேற ஆளைப் போட எனக்கு மனசு வரலலா. கரண்டு கித்தாரும் வேணாம். வெறும் மரக் கித்தார் தோங்ல பழைய பாட்டையெல்லாம் மெதுவா வாசிப்போம்" என்றான்.

எங்கள் வீட்டில் உட்கார்ந்து மெதுவாகத்தான் வாசிக்கிறோம். எழுபத்தைந்து வாக்கில் காம்பார் கல்யாண விருந்துகளில் ஆட்கள் பெஞ்சில் ஏறி ஆடினார்களே, நீ கட்டிய 'ஈப்போ ரோட்டுல' பாட்டு, அது இப்போது ஒப்பாரி மாதிரி கேட்கிறது. மணியத்திடம் சொன்னேன். "நமக்கும் வயசாச்சுலா" என்று சிரித்தான்.

அந்தப் பாட்டில்தான் நான் மாட்டிக்கொண்டேன். நடுவில் கித்தார் நின்றதும் நீ ஓர் உருட்டு உருட்டுவாய், கடைசித் தட்டில் நான் பாட்டுக்குள் பாய்வேன். எனக்குத் தாளம் சுத்தமாக வராது என்று உனக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும்? இத்தனை வருஷமும் நான் எண்ணிப் பாடியதே இல்லை, உன் கையை நம்பிப் பாடினேன். இப்போது கித்தார் நின்றால் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறேன். ஒருநாள் முந்தினேன், மறுநாள் பிந்தினேன். "நீதான் இழுக்குற" என்று மணியம் மேல் பாய்ந்தேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று கித்தாரைக் கீழே வைத்துவிட்டான்.

பிறகு மறுபடியும் எடுத்தோம். கித்தார் நின்றது. அப்போது அடுப்படியிலிருந்து கேட்டது, மச்சான். பிஸ்கட் டின் மேல் உன் உருட்டு. முடிகிற இடத்தில் கொஞ்சம் தயங்கி ஒரு தட்டு விழுமே, அதுவும் விழுந்தது. நான் பாய்ந்தேன். சரியாக இருந்தது. பாட்டு முடிந்ததும் மணியம் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

நம் நிகழ்ச்சி ஒன்றுக்குக்கூட வராத செல்விக்கு இது எப்படித் தெரியும் என்று போய்க் கேட்டேன். "காலையில தோட்டத்துல பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போறதுக்கு முன்னாடி தேத்தண்ணி ஆறுற வரைக்கும் இதத்தானே டின்னுல தட்டிக்கிட்டு இருப்பாரு? எனக்குத் தெரியாதாண்ணே?" என்றாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

எனக்கு ஒரே குஷி. அதற்குப் பிறகு ஒவ்வொரு பயிற்சிக்கும் அவளைக் கூப்பிட்டேன். டின்னை மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்காருவாள். அவள் தட்டுவாள், நான் பாடுவேன். கோயிலிலும் அவள் மேடையோரம் இருந்தால் போதும், ஜெயித்துவிடலாம் என்று மணியத்திடம் பீற்றிக்கொண்டேன்.

நேற்றுப் பயிற்சி முடிந்ததும், "கோயிலுக்கு டின்ன எடுத்துக்கிட்டு வந்திரு" என்றேன்.

"நான் வரலண்ணே" என்றாள். "இத தட்டுறப்ப அவரு பக்கத்துல வந்து உக்கார்றாரு. நீ பாட ஆரம்பிச்ச உடனே நான் நிப்பாட்டணும். உனக்கு அப்பத்தான் பாட்டு வருது. எனக்கு அவரு அப்பத்தான் போறாரு. எத்தன தடவண்ணே நான் அவர அனுப்பி வைக்கிறது?"

அப்போதுதான் அழுதாள். ஐயோ மச்சான், உன்னைப் புதைத்த அன்றுகூட அப்படி அழவில்லை அவள். உனக்காக அதிகம் அழுதவன் நான்தான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே, அவளை ஒரு தடவையாவது கேட்டேனா?

நாளை நானே எண்ணப்போகிறேன். பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று ஊர் முன்னால் வாய்விட்டு எண்ணுவேன். தப்பினால் தப்பட்டும், சிரிக்கிறவன் சிரிக்கட்டும். இனி என் பாட்டுக்காக உன்னை வரவழைக்கச் சொல்லி அவளைக் கேட்கமாட்டேன். சத்தியம்.

முதலில் சிநேகிதத்தில், பிறகு என் தங்கச்சி கழுத்தில் நீ கட்டிய தாலியில்,
உன் மச்சான்
பாலா