அறுபது வயதில் மறுபடியும் தூரம்

9 ஆகஸ்ட் 1976, திங்கள்

காலையில் அவரைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைக்கும்போது முதுகுக்குள் மறுபடியும் அந்தச் சத்தம். சத்தம் என்று எனக்குத்தான் தோன்றுகிறதோ என்னவோ. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பாதி நாற்காலியில், பாதி என் தோளில். "என்ன... என்ன..." என்கிறார். பக்கவாதம் வந்த பிறகு அவருக்கு மிஞ்சியிருக்கிற பேச்சு அவ்வளவுதான். ஒண்ணுமில்ல, அசையாம இருங்க என்றேன்.

ஆள் வைத்துப் பார்த்தாயிற்று. இரண்டு பேர் வந்தார்கள், இரண்டு பேரும் நிற்கவில்லை. வேற்று ஆள் கை பட்டாலே கட்டையாக விறைத்துக்கொள்கிற மனுஷனை யார் குளிப்பாட்டுவார்கள்? துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தபோதும் இதே பிடிவாதம்தான். அங்கே மூட்டையை எண்ணினார், இங்கே என் உயிரை வாங்குகிறார்.

தண்ணீர் வருகிற நாள் வேறு. குழாயடியில் பக்கத்து வீட்டு அல்போன்சா என் குடத்தையும் சேர்த்துப் பிடித்துக் கொடுத்தாள். "டீச்சர், ஒங்களுக்குக் கூன் விழுந்துட்டு. கண்ணாடி பாக்கதே இல்லியா?" என்றாள்.

பார்ப்பதில்லை. எதற்குப் பார்க்க?

12 ஆகஸ்ட்

லேடி டாக்டர் ஞானசௌந்தரியிடம் போனேன். என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவள். எக்ஸ்ரே எடுத்து வரச் சொல்லி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"டீச்சர், முதுகெலும்புல ரெண்டு அமுங்கிப் போயிருக்கு. மத்ததும் சல்லடையாத்தான் இருக்கு. தூக்குறத நிறுத்துங்க."

"நிறுத்திட்டு? அவரத் தூக்க நீ வாரியா?" என்று கேட்டுவிட்டேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு உள்ளுக்குள்ளேயே கரைந்துகொண்டு போகுமாம். அதற்குச் சுண்ணாம்புச் சத்து மாத்திரை ஒன்று, ஹார்மோன் மாத்திரை ஒன்று. அமுங்கினது நிமிராது, மேற்கொண்டு நொறுங்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். ஹார்மோன் மாத்திரையை மூன்று வாரம் போட வேண்டும், ஒரு வாரம் விட வேண்டும். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, "விடுற வாரத்துல கொஞ்சம் படும் டீச்சர்" என்றாள்.

என்ன படும்?

"பழையபடிதான். மாசாமாசம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் முதுகு பிடித்துக்கொண்டது. சீட்டை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மாத்திரை வாங்கவில்லை.

13 ஆகஸ்ட்

அறுபது வயசு. மறுபடியும் தூரம். முருகா, இதுக்கு முதுகே ஒடிஞ்சு போகட்டும்.

16 ஆகஸ்ட், திங்கள்

அல்போன்சாவிடம் சொன்னேன். வேறு யாரிடம் சொல்ல? அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு, "போடுங்க டீச்சர். எலும்பு பெருசா, அது பெருசா?" என்றாள்.

அவளுக்கு எங்கள் வீட்டு வழக்கம் தெரியாது. அந்த மூன்று நாளும் நான் கட்டிலைத் தொடக் கூடாது, அடுப்பைத் தொடக் கூடாது. என் கையால் அவர் பச்சைத் தண்ணீர் வாங்கமாட்டார். மாமியார் இருந்தவரைக்கும் மாமியார் பொங்கிப் போட்டாள். அவள் போன பிறகு தானே ஒரு ரசத்தை வைத்துக் குடித்துவிட்டு வேலைக்குப் போவார். ஒரு நாளும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. வாயை மூடிக்கொள்வார், அவ்வளவுதான். திருச்செந்தூர்க்காரனுக்கு விரதம் இருக்கிற உடம்பாம்.

எனக்கு அந்த மூன்று நாளில் வேறு கணக்கு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஒவ்வொரு மாதமும் அது வந்தபோதெல்லாம் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். ஒரேயடியாக நின்றபோது, அப்பாடா என்று இருந்தது. இனி எதிர்பார்க்க ஒன்றுமில்லை, இனி அழ ஒன்றுமில்லை. அந்த நிம்மதியைப் போய் மாத்திரை போட்டுக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா?

அது என் பாடு, போகட்டும். இப்போது அவருக்கு என் கையை விட்டால் வேறு கை இல்லை. மாசத்தில் மூன்று நாள் பட்டினி கிடந்தால் தாங்குகிற உடம்பா அது?

"அந்த நாளைக்கி நான் வந்து ஊட்டுதேன்" என்கிறாள் அல்போன்சா. மீன் ஆக்குகிற கை. அதற்கும் வாயைத் திறக்கமாட்டார்.

"அப்ப சொல்லாதீங்க. படுத்துக் கெடக்க மனுசனுக்கு எப்பிடித் தெரியப் போவுது?"

அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

20 ஆகஸ்ட்

டாக்டரிடம் மறுபடி போனேன். வாங்கவே இல்லை என்றதும் அவளுக்குக் கோபம். பிறகு அவளே, "ஒண்ணச் சொல்லாம இருக்கக் கூடாது டீச்சர். ரொம்ப வருஷம் போட்டா கர்ப்பப்பையில புத்து வரலாம்னு வெளிநாட்டுல ஒரு பேச்சு இருக்கு. நான் கொறஞ்ச அளவுதான் தாரேன். அப்பப்ப வந்து காட்டணும்" என்றாள்.

போடாவிட்டால்?

"அடுத்தாப்ல இடுப்பு. இடுப்பு ஒடிஞ்சா நீங்களும் படுக்கைதான்."

நல்ல கடைதான் இது. எதை எடுத்தாலும் நஷ்டம். வருகிற வழியில் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்கவே மனசில்லை. உப்பு லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அவருக்குக் காப்பி கொடுக்கிற நேரம் என்று நினைவு வந்து எழுந்தேன்.

24 ஆகஸ்ட், செவ்வாய்

இன்று இரண்டு பேரும் விழுந்தோம். மலப்பெட்டியிலிருந்து அவரைத் தூக்கினேன். பாதியில் என் முதுகு விட்டுவிட்டது. அவர் என் மேல் சரிந்தார், நான் தரையில். எழுந்திருக்க முடியவில்லை. அவராலும் முடியாது. வேட்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். நான் கத்தினது யாருக்கும் கேட்கவில்லை. அல்போன்சா கோயிலுக்குப் போயிருந்தாள்.

அவர் இடது கையால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தார். "விடு... என்ன விடு..."

எங்க விட? விட்டுட்டு எங்க போக?

அல்போன்சா வந்து எங்களைப் பார்த்ததும் வாயில் கையை வைத்துக்கொண்டாள். இரண்டு பேரையும் கழுவித் துடைத்துத் தூக்கிவிட்டாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு தூக்கவிட்டார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. சாவுக்கு இல்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேரும் படுத்துக் கிடந்து, தண்ணீர் கொடுக்க ஆளில்லாமல் —

சீட்டைத் தேடி எடுத்து வைத்தேன்.

25 ஆகஸ்ட்

முதல் மாத்திரை போட்டேன். என்ன என்று கேட்டார். சத்து மாத்திரை என்றேன். பாதி நிஜம்தானே.

17 செப்டம்பர், வெள்ளி

வந்துவிட்டது.

பழைய சேலையைக் கிழித்தேன். கைக்கு ஒன்றும் மறக்கவில்லை. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அலுப்புதான் வந்தது.

சொல்லக் கூடாது என்று தீர்மானம் பண்ணியிருந்தேன். வழக்கம் போல அடுப்பு மூட்டி இட்லி அவித்தேன், அவருக்கு உடம்பு துடைத்தேன். நெற்றிக்குத் திருநீறு இட வேண்டும். சம்புடம் சாமி படத்தடியில் இருந்தது. அவரிடம் எந்தப் பொய்யும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அதைத் தொடக் கை போகவில்லை.

அவர் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். அப்புறம் வைக்கேன் என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷம் கூட இருந்த மனுஷன் இல்லையா?

"ஏளா... தூரமா?"

தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய?

வாயை மூடிக்கொண்டார். இட்லி ஆறிப் போனது. மத்தியானமும் அப்படியே. ராத்திரியும் அப்படியே. தண்ணீர் கூட இல்லை.

18 செப்டம்பர்

மத்தியானம் உதடு வெடித்துப் போயிற்று. டம்ளரைக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்புகிறார். அல்போன்சா வந்து கெஞ்சினாள். அவளுக்கும் திறக்கவில்லை.

எனக்கு என்ன வந்ததோ. டம்ளரை ணங்கென்று வைத்தேன். "ஒங்களத் தூக்கித் தூக்கித்தான் என் எலும்பு ஒடிஞ்சுது. ஒடிஞ்ச எலும்புக்குத்தான் மருந்து திங்கேன். அந்த மருந்தாலதான் இது வருது. எனக்கு மட்டும் ஆசையாக்கும், இந்த வயசுல துணி அலசணும்னு? குடிக்க வேண்டாம். கெடந்து சாவுங்க. நானும் இங்கனயே கெடந்து சாவுதேன்!" சொல்லிவிட்டேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

எக்ஸ்ரே படத்தை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தேன். யாரு இது, யாரு இது என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். பைத்தியக்காரி மாதிரி.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. நான் கிணற்றடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பி வந்து டம்ளரை வாயருகே கொண்டுபோனபோது குடித்தார். சாயங்காலம் கஞ்சியும் குடித்தார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

22 செப்டம்பர்

மாத்திரை மறுபடி ஆரம்பம். வலி அப்படியேதான் இருக்கிறது. அது உடனே குறையாதாம், புதிதாக ஒடியாமல் இருந்தால் போதுமாம்.

அன்றைக்குத் தாகம் தாங்காமல் குடித்தாரா? இல்லை, எனக்காகவா? கேட்கவில்லை. கேட்டுத் தாகம் என்றுவிட்டால்?

16 அக்டோபர், சனி

சொல்லாமல் கொள்ளாமல் ஆத்தூரிலிருந்து மதினி வந்தாள், வெற்றிலைக் கட்டோடு. அவருக்கு மூத்தவள். இசக்கித்தாய் வருகிறாள் என்றால் அந்தத் தெருவே வழிவிடும். வர வேண்டிய நாளா இது? நேற்றுத்தான் எனக்குப் பட்டிருந்தது.

கொல்லையில் காய்கிற துணியைப் பார்த்துவிட்டாள். "யாருக்குளா இது?" சொன்னேன். மருந்தையும் சொன்னேன். அவள் காதில் மருந்து ஏறவில்லை.

"ஏளா, பல்லுப் போற வயசுல இது என்ன கூத்து! இந்தக் கையோடயா என் தம்பிக்குச் சோறு ஊட்டுத?"

என்னால் சண்டை போட முடியவில்லை. தெம்பு இல்லை. அவள் குளித்துவிட்டு வந்து, என் கையில் இருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். நான் கதவோரம் ஒதுங்கி நின்றேன். இனி இப்படித்தான், மாசாமாசம் யாராவது வந்து வாங்கிக்கொள்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏலே, அக்கா ஊட்டுதேன். வாயத் தொற."

அவர் திறக்கவில்லை. சோற்றை உதட்டில் வைத்து அழுத்தினாள். தலையைத் திருப்பினார். ஏதோ சொல்ல வந்தது, நாக்கு புரளவில்லை. எச்சில் வழிந்தது. மறுபடி முயன்றார்.

"தூரம்... இல்ல."

"என்னலே சொல்லுத?"

"மருந்து." மூச்சு வாங்கினார். "அது மருந்து, அக்கா. அவ... தரட்டும்."

மதினி அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கிண்ணத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டாள். நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். முதல் வாய்ச் சோறு அவர் மார்பில் சிந்தியது. ரசம் சோறு முழுவதும் சாப்பிட்டுவிட்டு மோரும் கேட்டார்.

மதினி நாலு மணி பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள்.

மாத்திரை தீர்ந்துவிட்டது. புதன்கிழமை மறுபடி தொடங்க வேண்டும். நாளைக்குக் கோயில் விட்டு வரும்போது வாங்கி வரச் சொல்லி அல்போன்சாவிடம் சீட்டைக் கொடுத்திருக்கிறேன்.