அதற்குப் பிறகும் முப்பத்தொரு பக்கம்

ஆகஸ்ட் 4, திங்கள்

காற்று. சாதாரணக் காற்றல்ல. பஸ் ஸ்டாண்டு வாசலில் நேற்று நான் கட்டிய கூழ் வார்த்தல் பேனர் காலையில் இல்லை. ராஜகிரிக் கோட்டை மலை உச்சிவரை பறந்து, இந்நேரம் ஏதாவது குரங்குக் குடும்பத்துக்குக் கூரையாகியிருக்கும். பேனரில் இருக்கும் விழாக் குழுவினர் இருபத்திரண்டு பேரும் கைகூப்பியபடி அங்கேதான். மறுபடி அடிக்க வேண்டும்.

இன்று என் ஃபிளெக்ஸ் பேனர் கடையில்:
கூழ் வார்த்தல், மூன்று.
பிறந்தநாள், ஒன்று. (ஒரு வயதுப் பையனுக்கு "வருங்காலமே" என்று போட்டேன். அப்பாவுக்குப் பரம திருப்தி.)
கண்ணீர் அஞ்சலி, ஒன்று. படத்தில் பெரியவர் வாய்கொள்ளாமல் சிரிக்கிறார். வேறு படம் இல்லையாம்.
கயல் ஸ்கூல் பைக்கு ஜிப்.

அக்காவுக்கு அடுத்த செவ்வாய் பாண்டியில் நான்காவது தடவை மருந்து ஏற்றுகிறார்கள். ஜூனிலிருந்து அவள் மகள் கயலுக்குச் சாப்பாடு, வீட்டுப்பாடம், சண்டை எல்லாம் பெரும்பாலும் என் கடை மாடியில். ஐந்தாம் வகுப்பு. வாய் மட்டும் காலேஜ்.

கேன்சர் என்ற சொல் அவள் காதில் விழக்கூடாது. அக்காவின் உத்தரவு. முதல் மருந்துக்குப் பிறகு முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வர, அக்கா மொத்தமாக எடுத்துவிட்டாள். அதற்குக் காரணம் சொல்லும் பொறுப்பு, விழுப்புரம் மாவட்டத்தின் தலைசிறந்த பொய்யன் என்ற முறையில் எனக்கு வந்தது. மலையனூர் அம்மனுக்கு மொட்டை என்றேன். என்ன வேண்டுதல் என்றாள். நீ முதல் ரேங்க் எடுக்க என்றேன். மூச்சுகூட விடவில்லை. தெருவே நம்பியது. எதிர் வீட்டம்மா வந்து குங்குமம் கேட்டார். கடையிலிருந்து வாங்கிக் கொடுத்தேன்.

மாலையில் அவளுடைய புவனா மிஸ் போன். நாளை வகுப்பில் எல்லோருக்கும் ஒரே கதைப் புத்தகம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார்களாம். கதையில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. "கயலுக்கு மட்டும் வேற புக் குடுத்துடறேன் சார்." உங்களைப் போன்ற ஆசிரியர்களால்தான் பூமி சுற்றுகிறது என்றேன். "சரி சார்" என்று வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வெயில், காற்று இரண்டும்.

கயல் பையை மாடிப்படியின் கீழிருந்தே எறிந்தாள். பை அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்தது.

"எல்லாருக்கும் நீல புக்கு. எனக்கு மட்டும் முயல் கதை. நான் இன்னா ஒண்ணாங்கிளாஸா?"

"முயல் நல்ல பிராணி."

"முயல் கேரட் தொலைச்சிடுச்சி, கேரட் கெடச்சிடுச்சி. அவ்ளோதான் மாமா கதையே."

ஸ்கூலுக்கு நானே போனேன். தணிக்கை அதிகாரியின் கம்பீரத்தோடு அந்த நீலப் புத்தகத்தில் ஒரு பிரதி வாங்கி வந்தேன். நூற்றொரு பக்கம். ஃபிளெக்ஸ் ரோலுக்குள் சுருட்டி வைத்தாகிவிட்டது. எந்த ஒற்றனாலும் கண்டுபிடிக்க முடியாது.

ஆகஸ்ட் 6, புதன்

மதியம் கரண்ட் இல்லை. மெஷின் ஓடாது. படித்தேன்.

ஒரு சின்னப் பெண். அம்மாவுக்கு நோய். பெரியவர்கள் எல்லோரும் கூடி, அம்மா ஊருக்குப் போய் மாடு பார்த்துக்கொள்கிறாள் என்று அவளிடம் சொல்கிறார்கள். மாடாம். கற்பனை வறண்டவர்கள். என்னைக் கேட்டிருந்தால் யானை என்றிருப்பேன்.

அந்தப் பெண் சீப்பில் சிக்கியிருக்கும் முடியை எடுத்து நோட்டுக்குள் வைக்கிறாள். அந்த இடத்தில் என் கண்ணில் தூசி. பிறகு எழுபதாம் பக்கம். அம்மா இறந்துபோகிறாள். கண்ணிலிருந்து ஒரு செம்மண் லாரியே இறங்கியது.

அந்த நேரம் பார்த்து அஞ்சலி பேனர்காரப் பையன் உள்ளே வந்தான். என்னையும், மேஜை மேல் அவன் பெரியப்பா போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எங்க பெரியப்பா உங்களுக்கு அவ்ளோ பழக்கமாண்ணா?"

"உயிர்" என்றேன். வேறு என்ன சொல்ல. பெரியப்பாவை நான் பார்த்ததே இல்லை. பையனும் அழுதான். இருவரும் டீ குடித்தோம். பதினாறாம் நாளுக்குக் கட்டாயம் வரச் சொல்லிப் போனான்.

புத்தகம் எழுதியவர் மீது என் குற்றச்சாட்டுகள்:
சின்னப் பிள்ளைகள் படிக்கும் கதையில் தாயைக் கொன்றது.
கொன்ற பிறகும் நிறுத்தாமல் இன்னும் முப்பத்தொரு பக்கம் எழுதியது. என்ன நெஞ்சழுத்தம்! அதற்குப் பிறகு எழுத என்ன இருக்கிறது?
கதையில் தாய்மாமனுக்கு மொத்தமே ஒரு வரி. "மாமா வந்து அழுதார்." இவ்வளவுதானா எங்கள் இனம்?

எழுபதில் பஸ் டிக்கெட்டை வைத்து மூடினேன். மேலே படிப்பதாக இல்லை. கயல் கையில் இது கிடைக்கவே கூடாது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தோசை மாவு புளித்துவிட்டது. அதுவல்ல விஷயம்.

மாலை நான் கல்லைப் போட்டுக்கொண்டிருந்தேன். கயல் தட்டோடு உட்கார்ந்து, வானிலை அறிக்கை வாசிப்பதுபோல்:

"மாமா, எழுபதாம் பக்கத்துல டிக்கெட் வெச்சிருக்கியே, ரெண்டு நாளா அது நகரவே இல்ல. பயமா?"

கரண்டி கீழே விழுந்தது. ஃபிளெக்ஸ் ரோலெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. அதுவும் தேவைப்படவில்லையாம். பக்கத்து சீட்டு நஸ்ரின் தன் புத்தகத்தைச் செவ்வாய்க்கிழமையே கொடுத்துவிட்டாள். இவள் இரண்டு தடவை முடித்துவிட்டாள். முயல் அட்டைக்குள் வைத்து.

"அதுல அந்தம்மாவுக்கு மருந்து ஏத்தினா முடி கொட்டுது. எங்கம்மா மொட்ட போட்டாங்களா, கொட்டுச்சா?"

உலகத்தில் உள்ள அத்தனை பொய்களும் என் வாசலில் வரிசையில் நின்று வேலை கேட்கும். இன்று ஒன்றுகூட வரவில்லை. தோசை கருகியது.

"நான் ஒம்பதாவது ரேங்க்கு" என்றாள். "நீ சொன்னல்ல, ஃபர்ஸ்ட் ரேங்க்குக்குதான் மொட்டன்னு. நான் ஒம்பதாவது எடுத்தேன். அம்மாக்கு முடி வளரவே இல்ல. வேண்டுதலு என்னாலதான் கெட்டுப்போச்சின்னு நெனச்சேன்."

எவ்வளவு நாளாக? ஜூலைப் பரீட்சை முடிந்ததிலிருந்தாம். அன்றாடம் என் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளை. அந்த வாரமெல்லாம் கணக்குப் புத்தகத்தோடே தூங்கினாள். திடீரென்று படிப்பில் அக்கறை வந்துவிட்டதே என்று நான் ஊரெல்லாம் பெருமை பேசினேன்.

இதைப் பெரிதாக்கி எழுத எனக்குத் தெரியவில்லை. இருக்கிற அளவே பெரிது.

"கொட்டுச்சிடா" என்றேன். "உன் ரேங்க்குக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அது நான் சொன்ன பொய்யி."

"நெஜமா?"

"நெஜமா."

"அப்ப என் மேல தப்பே இல்ல?"

"ஒரு நூல் அளவுகூட இல்ல."

தட்டை நீட்டினாள். பிறகு ஐந்து தோசை சாப்பிட்டாள். கருகினதையும். நடுவில் எழுந்து ஜன்னல் வரை ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வந்தாள். எதற்கு என்று அவளுக்கும் தெரியவில்லை. வியாதிக்குப் பேர் என்ன என்று கேட்டாள். அதை அம்மாதான் சொல்லணும், நாளைவரை டைம் கொடு என்றேன். சாயங்காலம் ஆறு மணிவரை கொடுத்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 9, சனி

காலையிலேயே அக்கா வீடு. அடுத்த தெருதான். போய்ச் சேர ஒரு யுகம்.

எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா தலையணையை எடுத்து அடித்தாள். மருந்து ஏற்றிய கை இல்லை, மற்றக் கை. நல்ல பலம். டாக்டரிடம் சொல்ல வேண்டிய முன்னேற்றம்.

"ரேங்க்கா சொன்ன? பாவி, உன் கல்யாணத்துக்குன்னு சொல்லியிருக்கக்கூடாதா? அது எப்பவும் நடக்கப்போறதில்ல, கொழந்த நிம்மதியா இருந்திருக்கும்!"

அழுதாள். நடுவில் என் கல்யாணத்தை நினைத்துச் சிரித்தாள். மறுபடி அழுதாள். மச்சான் வாசலில் நின்று, "சொல்லிடலாம்மா, எனக்கும் ஒளிச்சி ஒளிச்சிப் பேசி முடியல" என்றார். மூன்று மாதத்தில் அவர் பேசிய மிக நீண்ட வாக்கியம்.

சாயங்காலம் கயலைக் கூட்டிப் போனேன். அக்கா என்னைப் பார்த்து, "போய் வாழப்பழம் வாங்கினு வா" என்றாள். வீட்டில் ஒரு தார் தொங்குகிறது. புரிந்தது. பஜாரை இரண்டு சுற்று சுற்றினேன்.

திரும்பி வந்தால் இருவரும் ஒரே போர்வைக்குள். கயல் முகம் வீங்கியிருக்கிறது, குரல் மட்டும் கணீர். அம்மாவுக்குக் கதை படித்துக் காட்டுகிறாள். எந்தக் கதை? அந்தக் கதை! எழுபத்தெட்டாம் பக்கம்! கதையில் அம்மா போய்ச் சேர்ந்து எட்டுப் பக்கமாகிறது!

"டேய் பாலு, கத்தாத, உக்காரு" என்றாள் அக்கா. "இங்கதான் அந்தப் பொண்ணு சைக்கிள் கத்துக்குது."

உட்கார்ந்தேன். அந்தப் பெண் சைக்கிளிலிருந்து விழுகிறாள். அவள் அப்பா சாம்பார் வைக்கிறார். நாய் முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறது. அக்கா சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. அடுத்த பக்கத்தில், இன்று முழுக்க அம்மாவை நினைக்கவே இல்லையே என்று அந்தப் பெண் பயந்துபோகிறாள். யாரும் சிரிக்கவில்லை.

கயல் நிறுத்தினாள். "எனக்கு இந்த எடம்தான் புடிக்கும். அந்தப் பொண்ணு அழுவுது, அப்பறம் சிரிக்குது, மறுபடி அழுவுது. ஒண்ணும் தப்பில்லன்னு புக்குல போட்டிருக்குது."

பிறகு அட்டையைப் பார்த்துக்கொண்டே, "நீயும் செத்துடுவியா?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா கையைக் காட்டினாள். மூடிக்கொண்டேன்.

"தெரியாதுடி. கட்டி சின்னதாவுதுன்னு டாக்டர் சொல்றாரு. இன்னும் மூணு தடவ மருந்து. அப்பறம் ஆபரேஷன். எனக்கு எது தெரிஞ்சாலும் உனக்குச் சொல்றேன்."

"மாமாவுக்கு முன்னாடியா?"

"அவனுக்குக் கடைசியா."

சரி என்று அடுத்த பக்கம் திருப்பினாள்.

இன்னொன்று. செவ்வாய்க்கிழமை அவளும் பாண்டி வருகிறாளாம். மச்சான் வேண்டாம் என்றார். தோற்றார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கூழ். மூன்று தெருவில் மூன்று சொம்பு. நடக்க முடியவில்லை, உருண்டுதான் வந்தேன்.

மீதி முப்பத்தொரு பக்கத்தை நானே தனியாகப் படித்தேன். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு. எழுத்தாளர் மீது போட்ட குற்றச்சாட்டு ஒன்றும் இரண்டும் வாபஸ். மூன்றாவது நிற்கிறது.

ஆகஸ்ட் 11, திங்கள்

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். புவனா மிஸ் முகம் வாடிப்போனது. "பாதுகாப்பா இருக்கட்டும்னு பண்ணேன் சார்." நான் செய்ததோடு ஒப்பிட்டால் நீங்கள் தெய்வம் என்றேன். உண்மைதான். பெரிதாக்கவில்லை.

வகுப்பு நோட்டில் பிள்ளைகள் புத்தகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் "சூப்பர்". நஸ்ரின்: "நாய் வரும் இடம் நல்லா இருக்கு." கயல் எழுதியது, அப்படியே: "இந்தப் புத்தகத்தை மாமாக்களுக்குக் கொடுக்க வேண்டாம். பாதியில் நிறுத்திவிடுவார்கள். கூட உட்கார்ந்து படித்தால் முடிப்பார்கள்."

மிஸ் அதன் கீழே சிவப்பு மையில் "நன்று" போட்டிருக்கிறார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தூறல். விடியும் முன்பே பஸ். திண்டிவனம் வரை கயல் தூங்கினாள். அதற்குப் பிறகு பஸ்ஸில் யாரும் தூங்கவில்லை, அவள் விடவில்லை.

ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றும் அறைக்குள் பிள்ளைகளை விடுவதில்லை. அக்கா நர்ஸிடம் தனியாகப் பேசினாள். மாஸ்க் போட்டு, கை கழுவி, பத்து நிமிஷம். ஒரு ஆள் மட்டும். அந்த ஒரு ஆளாக என்னைக் கருதி நான் எழுந்து சட்டையைச் சரிசெய்தேன். கயல் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். மச்சான் மருந்து வாங்கும் வரிசையில். நான் வராந்தா பெஞ்சில், பிளாஸ்க்குக்குக் காவல்.

கதவுக் கண்ணாடி வழியாக: மருந்துப் பை தொங்குகிறது. சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. கயல் ஒவ்வொன்றாகக் கை நீட்டிக் கேட்கிறாள், நர்ஸ் பொறுமையாகச் சொல்கிறார். பிறகு கயல் குனிந்து அக்கா காதில் என்னவோ சொன்னாள். நீளமாக. அக்கா முகம் சுருங்கியது. எழுந்து கதவருகே போய்விட்டேன்.

அடுத்த நொடி இருவரும் சிரித்தார்கள் பார், கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பினார்கள். நர்ஸ் உதட்டில் விரல் வைத்தார். அவர் தோளும் குலுங்குகிறது.

பத்து நிமிஷம் இருபத்தைந்தானது. கயல் வெளியே வந்து மாஸ்க்கைக் கழற்றினாள்.

"இன்னாடி சொன்ன அம்மாகிட்ட?"

"உனக்குத் தாங்காது மாமா. பிளாஸ்க்கக் குடு."