ஞாயிற்றுக்கிழமை விரிப்புகள்

மார்ச் 6, திங்கள்

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் துணி உலர்த்துகிறவள் அல்ல. ரொட்டிக்கடையில் யார் என்ன சொன்னாலும் இதை முதலில் எழுதிவைக்கிறேன். எண்பத்து நான்கு வயதாகிறது. ஆண்டவரின் நாளில் என் கொடியில் ஒரு கைக்குட்டைகூடத் தொங்கியது கிடையாது. மடத்துப் பள்ளியில் சிஸ்டர்கள் எங்களைக் கண்டபடி வளர்க்கவில்லை.

நடந்தது இதுதான். ஊர்ப் புறாப் பந்தயச் சங்கத்துக்கு நூறு வயது ஆகிறது, மலர் வெளியிடுகிறார்கள். செயலாளர் நோர்பெர்ட் அச்சுக்குப் போகிற பக்கங்களைக் கடையில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். பதினேழாம் பக்கத்தில் நான் இருக்கிறேன்:

“1974 ஜூனில் கமீலின் ‘நீலன்’ பந்தயம் தொடங்கிய தூர்தான் நகரிலிருந்து முதலாவதாகப் பறந்து வந்தது. ஆனால் பக்கத்து வீட்டு அலீடா அம்மையார் ஞாயிற்றுக்கிழமையில் உலர்த்திய பழைய படுக்கைவிரிப்புகள் காற்றில் படபடக்கவே மிரண்டு, கூண்டில் இறங்காமல் கூரையிலேயே பதினோரு நிமிடம் உட்கார்ந்துவிட்டது. அதன் கால்வளையத்தைக் கழற்றி நேரம் பதியும் கடிகாரத்தில் போடுவதற்குள் நான்கு புறாக்கள் முந்திவிட்டன. வழக்கு சமாதான நீதிமன்றம் வரை போனது.”

மாற்றச் சொன்னேன்.

“கோர்ட்டுத் தாள் ஏதாவது கொண்டாங்க அலீடாம்மா, அடுத்த நிமிஷம் மாத்திடறேன். வாய்ப்பேச்சுக்கெல்லாம் மாத்த ஆரம்பிச்சா, இந்தச் சங்கத்துல ஒரு புறாவும் தோத்திருக்காது. மே பத்தாம் தேதி அச்சு.”

கடையில் சிரித்தார்கள். நான் ரொட்டியை வாங்காமலே வந்துவிட்டேன். சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு மட்டும்.

மார்ச் 7, செவ்வாய்

நினைவில் இருப்பதை ஒழுங்காக எழுதுகிறேன். மகள் லுட்கார்ட் சின்னப் பெண், கோயிலில் புதுநன்மை வாங்கிய வருடம் அது. அந்த ஞாயிறு நான் பத்து மணிப் பெரிய பூசையில் இருந்தேன். திரும்பி வந்தபோது கொடி காலியாக இருந்தது. விரிப்புகள் அலமாரியில்தான் இருந்தன, என் கண்ணால் பார்த்தேன். நான்காக மடிக்க வேண்டியதை யாரோ மூன்றாக மடித்து வைத்திருந்தார்கள். அதற்காக லுட்கார்டைத் திட்டினேன், “நான் தொடவே இல்லை” என்று அவள் அழுதாள். பொய்க்காகவும் சேர்த்துத் திட்டினேன்.

பிறகு நீதிமன்றத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. என் வீட்டுக்காரர் மொரிட்ஸ் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நீதிபதி நேரில் பார்வையிட வந்த அன்று நான் ஊரில் இல்லை, ப்ரூஜில் என் அக்காவைப் பார்த்து வரச் சொல்லி மொரிட்ஸே ரயில் சீட்டு வாங்கித் தந்திருந்தார். அவ்வளவு அன்பான மனிதர். அன்று மாலை, “எல்லாம் சரியாயிடுச்சு, இதைப் பத்திப் பேசவே வேண்டாம்” என்றார்.

நானும் பேசவில்லை, கமீலோடும் பேசவில்லை. நாற்பத்தொன்பது வருடமாகத் தலையசைப்பு மட்டும்தான்.

மார்ச் 9, வியாழன்

சமாதான நீதிமன்ற அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். நாற்பது நிமிடம் இசை கேட்டேன், நல்ல இசைகூட இல்லை. பிறகு ஒரு எழுத்தர் வந்தார்.

“வழக்கு எண் தெரியுமாம்மா?”

“தெரிந்திருந்தால் உங்களை ஏன் கேட்கிறேன்?”

“அதுவும் நியாயம்தான். நீங்க வாதியா, பிரதிவாதியா?”

“பிரதிவாதி,” என்றேன், எழுந்து நின்றுகொண்டு.

முப்பது வருடத்துக்கு மேற்பட்ட கோப்புகளெல்லாம் ப்ரூஜ் அரசு ஆவணக் காப்பகத்துக்குப் போய்விட்டனவாம். எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டு, ஊர், இரு தரப்புப் பெயர்கள், அடையாள அட்டையின் நகல் எல்லாம் வேண்டும். வழக்குக்கு நூறு வயது ஆகவில்லை என்பதால் சம்பந்தப்பட்டவர் என்றும் காட்ட வேண்டுமாம்.

“இல்லாட்டி இன்னும் அம்பத்தோரு வருஷம் பொறுத்துக்கிட்டா யார் வேணா பார்க்கலாம்மா,” என்றார். வேடிக்கையாகப் பேசுகிறாராம்.

மார்ச் 10, வெள்ளி

கடிதம் எழுதித் தபாலில் போட்டேன். மூன்று படி எழுதினேன், முதல் இரண்டிலும் ஓரம் நேராக வரவில்லை.

மார்ச் 28, செவ்வாய்

பதில் வந்தது. ஏப்ரல் 18 காலை, வாசிப்பறைக்கு நேரில் வரவும்.

ஏப்ரல் 18, செவ்வாய்

காலை ஏழரைப் பேருந்து. வாசிப்பறையில் கோட்டு, கைப்பை, குடை எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னார்கள். மேசைப் பொறுப்பில் மார்த்தீன் என்று ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும், கழுத்தில் கண்ணாடி தொங்குகிறது. என் மைப்பேனாவைப் பார்த்ததும் கையை நீட்டினார்.

“இங்க பென்சில் மட்டும்தாம்மா.”

“நான் பத்து வயதோடு பென்சிலை விட்டுவிட்டேன்.”

“அப்போ இன்னிக்குத் திரும்பவும் ஒன்பது வயசாகிடுங்க,” என்று ஒரு துண்டுப் பென்சிலைத் தந்தார். முனை மழுங்கியிருந்தது. சீவித் தரச் சொன்னேன். சீவினார். திரும்பவும் சீவச் சொன்னேன்.

1974ஆம் ஆண்டுப் பிரதிவாதிகளின் பெயர்ப் பட்டியலை முன்னால் வைத்தார். என் பிறந்த வீட்டுப் பெயரில் இரண்டு முறை தேடினேன், எங்கும் நான் இல்லை. வேலி, வாடகை, வாய்க்கால், நாய்க்கடி எல்லாம் இருக்கின்றன. ஊரில் யார் யாரெல்லாம் யார் மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள் — படிக்கவில்லை. அதிகம் படிக்கவில்லை.

“உங்க வீட்டுக்காரர் பேர்ல பார்த்தீங்களாம்மா?” என்று மார்த்தீன் கேட்டார்.

“துணிக்கொடிக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? குற்றம் சாட்டப்பட்டது நான்.”

“சரிம்மா. கோபிச்சுக்காதீங்க. ஆம்பளைங்க பேர்லயும் எப்பவாவது வழக்கு வரும்.”

பார்க்காமலே வந்துவிட்டேன். பேருந்தில் உட்கார்ந்த பிறகு யோசித்தேன். கடிதம் யார் பெயருக்கு வந்தது? அதன் உறையை நான் பார்த்தேனா?

பார்க்கவில்லை.

ஏப்ரல் 25, செவ்வாய்

திரும்பவும் ப்ரூஜ் போனேன். மனைவி என்று காட்டத் திருமணப் பதிவுப் புத்தகத்தையும் எடுத்துப் போனேன். மார்த்தீன் சீவிய பென்சில் ஒன்றை நீட்டினார். மொரிட்ஸின் பெயர் மூன்றாம் பக்கத்திலேயே இருந்தது.

இரண்டு தாள்கள். வாதி: கமீல். பிரதிவாதி: மொரிட்ஸ். நேரில் பார்வையிட்ட நீதிபதியின் பதிவு. நகல் ஒன்றும் வாங்கிக்கொண்டேன். பென்சிலால் பார்த்து எழுதி வந்ததை இங்கே மையில் எழுதுகிறேன்:

“1974 ஜூன் 16, ஞாயிறு காலை பத்து மணிக்கு, மனைவி பூசையில் இருந்தபோது, அலமாரியிலிருந்த இரண்டு உலர்ந்த விரிப்புகளை எடுத்துத் தானே கொடியில் மாட்டியதாகப் பிரதிவாதி ஒப்புக்கொள்கிறார். ‘நீலன்’ முதலில் வராது என்று, பெயர் சொல்ல விரும்பாத ஒரு நண்பருடன் பந்தயம் கட்டியிருந்ததே காரணம். பந்தயப் பொருள்: உப்பிட்ட ஒரு முழுப் பன்றித்தொடை. அதில் பாதிக்கு மேல் உண்ணப்பட்டுவிட்டது. மீதியை வாதிக்குத் தர முன்வந்தார். உப்பு அதிகம் என்று வாதி மறுத்துவிட்டார். பிரதிவாதி மன்னிப்புக் கேட்டார், வாதி ஏற்றுக்கொண்டார். பிரதிவாதியின் மனைவிக்கு இதைத் தெரிவிக்க வேண்டியதில்லை என்று இரு தரப்பும் ஒருமனதாகக் கேட்டுக்கொள்கின்றன. நீதிமன்றமும் அவ்வாறே கருதுகிறது.”

நீதிமன்றமும் அவ்வாறே கருதுகிறதாம்!

அந்தத் தொடைக்கறி நினைவிருக்கிறது. சீட்டாட்டத்தில் ஜெயித்தது என்றார். நான் மெல்லிசாக அரிந்து, வோக்கோசுத் தழை தூவி, ஒரு தட்டு மடத்துக்கும் கொடுத்தனுப்பினேன். மதர் நன்றிச் சீட்டு எழுதினார். பதினான்கு கன்னியாஸ்திரீகள் சாப்பிட்டிருக்கிறார்கள்.

ஏன்யா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நாற்பத்தொன்பது வருஷம்! நீ செத்தே பன்னிரண்டு வருஷமாச்சு. ஊர்ல எவளெவளோ என்னைப் பார்த்துச் சிரிக்கிறா, நீ பாட்டுக்குத் தின்னுட்டு —

சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

ஏப்ரல் 26, புதன்

கல்லறைக்குப் போனேன். கல்லைத் துடைத்தேன். இந்த வாரம் பூ கிடையாது.

லுட்கார்டைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன்.

“எதுக்கும்மா?”

“விரிப்பை மூன்றாக மடித்தது நீ இல்லை.”

“எந்த விரிப்பு? எப்போ?”

“1974.”

“அம்மா, டாக்டரைப் பார்த்தீங்களா?” என்று கேட்டாள்.

ஏப்ரல் 27, வியாழன்

கமீல் வேலியருகே தக்காளி நாற்றுக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். எண்பத்தெட்டு வயது, மனைவி போய் ஆறு வருடம் ஆகிறது. நகல் தாளை வேலிக்கு மேல் நீட்டினேன். கண்ணாடியை மாட்டி, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார்.

“அட, கடைசியில கண்டுபிடிச்சிட்டீங்களே மதர்.” மடத்துத் தலைவியைக் கூப்பிடுவதுபோல் என்னை இந்தப் பெயரில்தான் அவர் என் முதுகுக்குப் பின்னால் சொல்வாராம். இன்று முகத்துக்கு நேராகவே வந்துவிட்டது.

“நான் உலர்த்தியதாக ஊரெல்லாம் சொல்கிறார்கள். கேட்டுக்கொண்டு இருந்தீர்களே!”

“நான் யார்கிட்டயும் நீங்கன்னு சொல்லலம்மா. அந்த வீட்டு விரிப்புன்னுதான் சொன்னேன். துணின்னா பொம்பளைன்னு அவங்களா முடிவு பண்ணிக்கிட்டாங்க.”

“மறுத்திருக்கலாமே.”

“எப்படி மறுக்க? உங்க வீட்டுக்காரன் இதே வேலியைப் பிடிச்சுக்கிட்டு அழுதானே. ‘நீதிபதி ஜெயில்ல போட்டாலும் போறேன் கமீல், அலீடாகிட்ட மட்டும் சொல்லிடாதே’ன்னான். வாக்குக் கொடுத்துட்டேன். அவன் போன பிறகு அதைத் திருப்பி யார்கிட்ட வாங்குறது?”

மொரிட்ஸின் சவப்பெட்டியைத் தூக்க இவர் வந்து நின்ற நாள் நினைவுக்கு வந்தது. இவருக்கு என்ன துணிச்சல் என்று அன்று நினைத்தேன்.

“அந்தக் கறியைச் சாப்பிட்டுப் பார்த்தீர்களா?” என்று கேட்டேன்.

“ஒரு துண்டு. நெசமாவே உப்பு.”

“உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது,” என்றேன். உப்புப் போக அதை நான்தான் இரண்டு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தேன்.

ஏப்ரல் 28, வெள்ளி

தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நோர்பெர்ட் வீட்டு வாசல்வரை போனேன். இதைக் கொடுத்தால் பதினேழாம் பக்கம் மாறும். ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்காது, மொரிட்ஸைப் பார்த்துச் சிரிக்கும். அவரால் ரொட்டி வாங்காமல் கோபித்துக்கொண்டு போகக்கூட முடியாது.

மணியில் விரலை வைத்தேன். அழுத்தவில்லை. திரும்பி வந்து விரிப்புகளை எடுத்துப் பார்த்தேன், இரண்டும் இன்னும் இருக்கின்றன. ஒன்றின் ஓரத்தில் ஒரு துருப் புள்ளி, துணிக்கவ்வியின் அடையாளம். கவ்வியைத் துடைக்காமல் மாட்டியிருக்கிறார்.

ஏப்ரல் 30, ஞாயிறு

பூசை முடிந்ததும் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கமீல் வீட்டுத் தோட்டத்துக்குப் போனேன். பருவத்தின் முதல் பந்தயங்களில் ஒன்றாம். அவர் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு வானத்தையே பார்த்தார்.

“கொடியில எதுவும் தொங்கலையே மதர்?”

“தொங்கினால் என் வீட்டுக்காரரைக் கேளுங்கள்.”

சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் புறா வந்து கூரையில் உட்கார்ந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஐந்து விநாடி. இறங்கிவிட்டது.

மே 2, செவ்வாய்

கல்லறைக்குப் பூ வைத்தேன். பிறகு நோர்பெர்ட்டுக்கு எழுதிய கடிதத்தின் படி:

“அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

மலரின் பதினேழாம் பக்கத்தில் விரிப்புகளை உலர்த்தியவர் யார் என்று நீங்கள் எழுதியுள்ளதை அப்படியே அச்சிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.” (ஆட்சேபம் இல்லை என்பது பொய் ஆகாது. நான்கு முறை யோசித்துப் பார்த்தேன்.)

“ஒரே ஒரு பிழையைத் திருத்த வேண்டும். ‘பழைய படுக்கைவிரிப்புகள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவை பழையவை அல்ல. என் திருமணத்துக்கு நெய்வித்த அசல் லினன், மூலையில் என் பெயரெழுத்தும் என் கணவர் பெயரெழுத்தும் சேர்த்துப் பின்னியவை, நீலம் போட்டு வெளுத்தவை. விரும்பினால் நேரில் காட்டுகிறேன், கை கழுவிவிட்டு வரவும்.

இந்தத் திருத்தம் செய்யப்படும் என்பதை மே 9ஆம் தேதிக்குள் எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவும்.”