இரண்டு போனிலும் வைத்த பொய்க் குறி

அக்கரைப்பேட்டை,
நாகப்பட்டினம்.
ஆவணி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ராகுலுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம், போட்டு எஞ்சின்கூட சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்று தினமும் போன் சொல்கிறது. போன் சொல்வதை நம்புகிற நிலையில் நான் இப்போது இல்லை. அதனால்தான் போஸ்டாபீஸுக்குப் போய், சிங்கப்பூருக்கு எவ்வளவு ஸ்டாம்பு ஒட்ட வேண்டும் என்று விசாரித்து, கவர் வாங்கி வந்து எழுதுகிறேன். கவுண்டரில் இருந்த பெண் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாமே ஐயா என்று கேட்டாள். நான் எதை எப்படி அனுப்பினால் இந்தப் பெண்ணுக்கு என்ன என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற கூட்டம் மெயின் ரோட்டில் ஆரம்பித்துவிட்டது, அவர்களுக்கு மோர் கொடுக்கிறேன் என்று காலையிலிருந்து அங்கேதான் நிற்கிறாள். இப்போது வலி எங்கே போனது என்று கேட்டால் மாதா பார்த்துக்கொள்வாள் என்கிறாள். நான் கூப்பிட்டால் மட்டும் அந்த முழங்கால் வலிக்கும்.

போன வாரம் பேசும்போது பழைய போன் நல்லதா, நீ சித்திரையில் ஆள் கையில் கொடுத்தனுப்பிய ஐபோன் நல்லதா என்று கேட்டாயே, அப்போது நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், பொறுமையாகப் படி. பழைய ஆண்ட்ராய்டு நம்ம கடைத்தெரு மாதிரி. யார் வேண்டுமானாலும் கடை போடலாம். காற்று பார்க்க ஒன்று, மீன் எந்தப் பக்கம் என்று சொல்ல ஒன்று, டார்ச் அடிக்க ஒன்று என்று நானே எட்டு பத்து ஏற்றி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் உள்ளே வரும்போதே நீ எங்கே இருக்கிறாய் என்று பார்க்கலாமா, உன் படத்தைப் பார்க்கலாமா, உன் பேச்சைக் கேட்கலாமா என்று அனுமதி கேட்கும். டார்ச் அடிக்கிற வேலைக்கு நான் எங்கே நிற்கிறேன் என்று எதற்குத் தெரிய வேண்டும்? வேண்டாம் என்று அமுக்கினேன், டார்ச் எரியத்தான் செய்தது. அப்படியானால் கேட்டதன் உள்நோக்கம் என்ன? ஐபோன் கலெக்டர் ஆபீஸ் மாதிரி. சுத்தமாக இருக்கிறது, சத்தம் இல்லை, ஆனால் எதற்கெடுத்தாலும் நீ யார் என்று கேட்கிறது. மூஞ்சியைக் காட்டு என்கிறது. கடலில் வாயைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு நிற்கிறவன் மூஞ்சியை எப்படிக் காட்டுவது? பழையதில் பின்னால் போவதற்குக் கீழே ஒரு முக்கோணம் இருந்தது, கண்ணை மூடிக்கொண்டு அமுக்கலாம். இதில் ஓரத்திலிருந்து விரலால் இழுக்க வேண்டும், என் ஈரக் கைக்கு அது பிடிபடவில்லை. தமிழில் பேசினால் பழையது என் பேச்சை முக்கால்வாசி சரியாக எழுதிவிடும். புதியதிடம் நான் இன்னும் பேசிப் பார்க்கவே இல்லை, கேட்டுக்கொண்டு சும்மா இருக்குமோ என்று ஒரு எண்ணம். பழையதற்குப் புதுப்பிப்பு வருவது நின்றுவிட்டது என்று போன் கடை முபாரக் சொன்னான். உன்னுடையதற்கு நான் தூங்கும்போது அதுவாக வந்து ஏதோ மாற்றிவிட்டுப் போகிறது, காலையில் பார்த்தால் வைத்த பொருள் வைத்த இடத்தில் இல்லை. சார்ஜர் மட்டும் இரண்டுக்கும் ஒன்றேதான். இத்தனை வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த இரண்டு கம்பெனிக்காரர்களும் இதில் மட்டும் ஏன் திடீரென்று ஒற்றுமையானார்கள் என்று எனக்கு அதிலும் ஒரு சந்தேகம்.

இதெல்லாம் பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம் கணக்கு. ஆண்ட்ராய்டில் இருக்கிற கணக்கை முபாரக் தன் கடையில் உட்கார்ந்து உண்டாக்கினான், பாஸ்வேர்டு அவனுக்குத்தான் தெரியும். ஐபோனில் இருப்பது உன் கணக்கு, பாஸ்வேர்டு உனக்குத்தான் தெரியும். இரண்டு போன் வைத்திருக்கிற பெரிய மனிதன் நான், இரண்டுக்கும் சாவி என் கையில் இல்லை. இந்தச் சாவி விஷயம் எனக்கு உறைத்தது ஆடி மாதம்தான். பார் என்றால் என்ன என்று உனக்கு மறந்திருந்தாலும் மறந்திருக்கும், சொல்லிவிடுகிறேன். கடலுக்கடியில் சேறாகக் கிடக்கிற தரையில் எங்கேயோ ஓரிடத்தில் பாறை முளைத்திருக்கும், அங்கேதான் களவா மீனும் சங்கரா மீனும் அடைந்திருக்கும். அந்த இடத்தின் குறி தெரிந்தவனுக்குத் தூண்டிலில் மீன், தெரியாதவனுக்கு டீசல் செலவு. என் அப்பா வேளாங்கண்ணிக் கோயில் கோபுரத்தையும் நாகூர் மினாராவையும் வைத்துக் கணக்குப் பண்ணி எனக்கு இரண்டு பார் காட்டினார். கூடப் பிறந்த தம்பிக்குக்கூட அவர் காட்டவில்லை. நாங்கள் அங்கே நிற்கும்போது தூரத்தில் வேறு போட்டு தெரிந்தால் நங்கூரத்தைத் தூக்கிவிட்டு, எஞ்சின் மூடியைத் திறந்து வைத்து, ரிப்பேர் பார்க்கிற மாதிரி நிற்போம். இன்றைக்கும் நானும் என் போட்டில் வரும் இளையபெருமாளும் அதைத்தான் செய்கிறோம். போட்டில் இருந்த ஜி.பி.எஸ். பெட்டி உப்புத்தண்ணீர் புகுந்து போன பிறகு குறிகளை ஆண்ட்ராய்டில் போட்டு வைத்தேன். நீ ஐபோன் அனுப்பியபோது பழையது பாதுகாப்பு இல்லை, குறியெல்லாம் இதில் எழுதி வைங்கப்பா என்று சொன்னாய், அதிலும் எழுதினேன். ஆடி பிறந்ததும் இரண்டாவது பாருக்குப் போனால் எங்களுக்கு முன்னால் யாரோ வந்து போயிருக்கிறார்கள். பாறையில் சிக்கி அறுந்த புதுத் தூண்டில் நரம்பு எங்கள் தூண்டிலில் மாட்டிக்கொண்டு மேலே வந்தது.

முதலில் முபாரக்கைத்தான் சந்தேகப்பட்டேன். இந்தக் கரையில் பாதி போட்டுக்காரன் அவன் கடையில்தான் கண்ணாடி மாற்றுகிறான், ஒரு வார்த்தை போதுமே. கடைக்குப் போய் நேரிலேயே கேட்டுவிட்டேன். அவன் கோபப்படவில்லை, சிரித்தான். உங்க குறியை வச்சு நான் என்ன பண்றது மாமா, எனக்கு போட்ல ஏறினாலே வாந்தி வரும் என்றான். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் ஒரு காரியம் செய்தேன். ஆண்ட்ராய்டில் நாகூர் பக்கமாக ஒரு பொய்க் குறி வைத்தேன். ஐபோனில் தெற்கே, வேளாங்கண்ணியைத் தாண்டி இன்னொரு பொய்க் குறி வைத்தேன். இரண்டுமே வெறும் சேறு, ஒரு செதில்கூட கிடைக்காது. இரண்டுக்கும் பெரிய களவா என்று ஆசை காட்டுகிற மாதிரி பெயர் எழுதினேன். எந்த இடத்துக்கு ஆள் வருகிறதோ அந்தப் போன்தான் ஒழுகுகிறது என்று கண்டுபிடித்துவிடலாம் அல்லவா. எந்தப் போன் நல்லது என்று நீ கம்ப்யூட்டரில் படித்துச் சொல்வாய், நான் கடலில் வைத்துப் பார்த்தேன்.

நாகூர் பக்கம் ஒருவரும் வரவில்லை. முபாரக் நல்லவன், இப்போதைக்கு. தெற்கே போய்ப் பார்த்த அன்று, விடிந்து வெளிச்சம் வரும்போது, நான் வைத்த பொய்க் குறி மேலேயே ஒரு ஃபைபர் போட்டு நங்கூரம் போட்டு நின்றது. நாங்கள் தள்ளியே நின்று பார்த்தோம். போட்டில் இருந்தவர் நீ அனுப்பிய மஞ்சள் மழைக்கோட்டைப் போட்டிருந்தார். நம் மாப்பிள்ளை ஜெயபால். இளையபெருமாள் சிரித்துவிட்டான். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மாப்பிள்ளை போகவே இல்லை. தூண்டிலைப் போடுகிறார், ஒன்றும் இல்லை, எடுக்கிறார், நங்கூரத்தைத் தூக்கிக் கொஞ்சம் தள்ளிப் போட்டுத் திரும்பத் தூண்டிலை இறக்குகிறார். வெயில் ஏறுகிற வரைக்கும் அந்தச் சேற்றைச் சுற்றிச் சுற்றி வந்தார். மீன் வரவில்லையே, குறி தப்போ, மாமா ஏமாற்றியிருப்பாரோ என்று ஒரு நிமிஷம்கூட அவருக்குத் தோன்றவில்லை, தான்தான் சரியான இடத்தில் நிற்கவில்லை என்று நினைத்திருக்கிறார். ஊரில் ஒருவரையும் நம்பாத எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு என்னவோ போல் ஆகிவிட்டது. அவர் அப்பா மீன் தரகு பார்த்தவர், அவருக்குக் குறி காட்ட ஆள் கிடையாது என்பது எனக்குத் தெரியாததா. தெரிந்தும் பார் என்பது மகனுக்கு உரியது என்று வைத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் பேரப்பிள்ளையைப் பார்க்கிற சாக்கில் உன் அக்கா பூமிகா வீட்டுக்குப் போனேன். பிள்ளைப் படிப்புக்கு ஆண்ட்ராய்டு டேப் போதும் என்று நான் சொன்னபோது, இதில்தான் கண்டதையும் பார்க்காமல் பூட்டி வைக்கலாம் என்று உன் பழைய ஐபேடைக் கொடுத்துவிட்டுப் போனாய் அல்லவா, அது கட்டில் மேல் கிடந்தது. திறந்து காட்டு என்றேன். பூமிகா மறைக்கவில்லை, திறந்தாள். என் ஐபோனில் நான் எழுதிய குறியெல்லாம் வரி பிசகாமல் அதில் இருந்தது. பிள்ளைக்குப் பூட்டி வைத்த பெட்டிக்குள் தாத்தா திறந்து கிடக்கிறேன். கணக்கு உன்னுடையது, இரண்டும் ஒன்று, இங்கே எழுதினால் அங்கே தானாக வருமாம். இது போன் செய்த தப்பு இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. நான் மாப்பிள்ளை மேல் ஒரு வார்த்தை சொல்லுவதற்குள் அவளே சொல்லிவிட்டாள். அவரைத் திட்டாதீங்கப்பா, தம்பிதான் சொன்னான், அப்பாவோட குறி ஐபேட்ல வரும், மச்சானைப் பார்த்துக்கச் சொல்லுன்னு, அவன் அங்கேயே தங்கறதுக்கு எழுதிப் போட்டுட்டானாம், இனிமே கடலுக்கு வரப்போறதில்லையாம், உங்ககிட்ட சொல்ல வாய் வரலைன்னு அழுதான்பா என்றாள்.

ராகுல், கோபம் இல்லை. வருத்தம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். நீ அங்கே இருப்பதில் வருத்தம் இல்லை, கப்பல் பட்டறை வேலை உனக்குப் பிடித்திருக்கிறது என்று உன் குரலிலேயே தெரிகிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்வதற்கு இவ்வளவு விலையுள்ள போனை அனுப்பி, அதில் எழுத வைத்து, அக்கா வீட்டில் இறக்கி, மச்சானைக் கடலுக்கு அனுப்பி இவ்வளவு சுற்றி வந்தாயே, அதுதான். அவ்வளவு பயமா என்னிடம் உனக்கு? எல்லாரையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தால் பிள்ளை எப்படி வந்து சொல்வான் என்று அம்மா கேட்பாள். அம்மாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை, நீ சொன்னால்தான் அது சொன்னதாகும்.

நான் முடிவு செய்தது இது. வருகிற திங்கட்கிழமை மாப்பிள்ளையை என் போட்டில் ஏற்றிக்கொண்டு போய் அந்த இரண்டு பாரையும் கோபுரத்தையும் மினாராவையும் வைத்து நானே காட்டப்போகிறேன். வைத்த பொய்க் குறிக்கு அன்றைக்கே அவரிடம் மன்னிப்பும் கேட்டுவிடுவேன். மூன்றாவதாக ஒரு பார் இருக்கிறது. அது என் அப்பாவுக்கும் தெரியாது, நான் கண்டுபிடித்தது. இரண்டு போனிலும் கிடையாது, இளையபெருமாளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது, அவனுக்கும் கொஞ்சம் குழப்பித்தான் காட்டியிருக்கிறேன். நீ திரும்பி வந்து போட்டில் ஏறுகிற அன்றைக்கு என்று வைத்திருந்தேன். நீ வரப்போவதில்லை என்றால் அதை உன் கையால் எனக்கு எழுது, அதையும் மாப்பிள்ளைக்குக் காட்டிவிடுகிறேன். அக்கா சொன்னதை வைத்து அதை நான் கொடுக்க மாட்டேன். அவசரம் இல்லை, யோசித்து எழுது.

இன்னொன்றும் பூமிகா சொன்னாள். தினமும் விடிகாலையில் நீ உன் போனைத் திறந்து, என் ஐபோன் எங்கே இருக்கிறது என்று காட்டுகிற புள்ளியைப் பார்க்கிறாயாம். சிக்னல் அறுகிற இடம் வரைக்கும் பார்த்திருந்துவிட்டு, மதியம் அது கரைக்குத் திரும்பிய பிறகுதான் சாப்பிடப் போகிறாயாம். முன்பென்றால் என்னை வேவு பார்க்கிறாயா என்று கேட்டிருப்பேன். கணக்கை மாற்ற வேண்டாம், அப்படியே இருக்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே, மாதா கோயிலிலும் நம் நீலாயதாட்சி கோயிலிலும் அம்மா உன் பேருக்கு விளக்குப் போடுகிறாள், எந்தக் குறையும் வராமல் நீ நன்றாக இருக்க வேண்டும். மூன்றாவது பாருக்குப் போகிற நாளில் மட்டும் ஐபோனை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் போவேன், இவ்வளவு ஆன பிறகும் அதில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அன்றைக்குப் புள்ளி காலையிலிருந்து வீட்டைவிட்டு நகராது. அப்பாவுக்கு உடம்புக்கு என்னவோ என்று பயந்து அம்மாவுக்குப் போன் போடாதே, நேரத்துக்குச் சாப்பிடு. நான் உன் பாரில் இருக்கிறேன் என்று அர்த்தம்.

என்றும் உன் நலம் கேட்கும்,
அப்பா,
கா. காயாரோகணம்