சனிக்கிழமைக்காரர்களும் ஞாயிற்றுக்கிழமைக்காரர்களும்

பிப்ரவரி 3

அன்புள்ள மருமகளுக்கு,

இனிமேல் உன்னை இப்படி அழைக்கக் கூடாதாம், என் மகன் சொல்கிறான். விவாகரத்து ஆனது உங்கள் இருவருக்கும்தான். என்னை யாரும் கோர்ட்டுக்குக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. எனவே பழையபடியே எழுதுகிறேன். பிடிக்கவில்லை என்றால் கூச்சப்படாமல் சொல்லிவிடு.

புது ஊர் எப்படி இருக்கிறது? ரத்தப் பரிசோதனை வேலை அங்கேயும் அதேதானே? சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போடும் உன் வழக்கத்தையும் கையோடு கொண்டுபோயிருப்பாய். கண்டிக்க ஆள் இல்லை என்று இருக்காதே.

நான் எழுதுவது தோட்டத்துக்காக. குப்பைமேடாகக் கிடந்த மூலை மனையில் தெருவையே திரட்டி நீ போட்ட தோட்டம், நீ போனதிலிருந்து சீக்குப் பிடித்துக் கிடக்கிறது. தக்காளி இலையெல்லாம் மஞ்சள். கத்தரிச்செடி நின்ற வாக்கிலேயே அழுகுகிறது. நகராட்சி அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றிப் பார்த்தார். "ஏப்ரல் கடைசியில திரும்ப வருவேன். இதே லட்சணத்துல இருந்தா கார் நிறுத்துற இடமா மாத்திடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்குப் பட்டறையில் லேத் மெஷின் ஓட்டத் தெரியும். எது களை, எது செடி என்று தெரியாது. ஆனாலும் விடுவதாக இல்லை. இத்தனைக்கும் தண்ணீருக்குக் குறைவே இல்லை. என்ன செய்யட்டும், எழுது.

இப்படிக்கு,
மாமா

பிப்ரவரி 11

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் திக்கென்றது. திரும்பி வரச் சொல்லி எழுதியிருப்பீர்கள் என்று பயந்து, பிரிக்காமலே ஒரு நாள் வைத்திருந்தேன். தக்காளி என்று படித்த பிறகுதான் மூச்சு வந்தது.

சலவைக் கடைக்கு மேலே என் அறை. நாள் முழுக்க இஸ்திரி வாசனை. வேலை பழகிவிட்டது. சாப்பிடுகிறேன், கவலை வேண்டாம்.

மஞ்சள் இலை, அழுகல் இரண்டுமே தண்ணீர் அதிகமானால் வருவது. வேர்ப் பக்கமாக ஒரு சாண் தோண்டிப் பாருங்கள். சேறாக இருந்தால் சந்தேகமே இல்லை. யார் எப்போது ஊற்றுகிறார்கள் என்று கொஞ்சம் விசாரியுங்கள்.

மருமகள் என்று எழுதியது பற்றிக் கேட்டீர்கள். அப்படியே இருக்கட்டும். ஒன்றே ஒன்றுதான், தோட்டத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள். அவரைப் பற்றி வேண்டாம்.

அன்புடன்,
மருமகள்

பிப்ரவரி 20

அன்புள்ள மருமகளுக்கு,

தோண்டினேன். சேறு. விசாரித்தேன். அதைவிடச் சேறு.

உங்கள் பிரிவுக்குப் பிறகு தோட்டக்காரர்கள் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். மருந்துக்கடைக்காரர் தலைமையில் ஒரு கூட்டம் என் மகன் பக்கம். அவர்கள் சனிக்கிழமை வருகிறார்கள். தையல்காரம்மா தலைமையில் உன் பக்கத்து ஆட்கள் ஞாயிறு. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. எதிர்க்கட்சி ஒரு துரும்பைக்கூட நகர்த்துவதில்லை என்று இரண்டு பேருக்குமே நிச்சயம். ஆகவே அவர்களும் முழுத் தோட்டத்துக்கும் தண்ணீர், இவர்களும் முழுத் தோட்டத்துக்கும் தண்ணீர். உரமும் அப்படியே. இரண்டு அத்தைகள் மாறி மாறி ஊட்டிய குழந்தை மாதிரி செடிக்கெல்லாம் வயிறு கெட்டுப்போய்விட்டது.

ஒரே நாளில் சேர்ந்து வாருங்கள் என்றேன். தையல்காரம்மா கத்தரிக்கோலைக் கீழேகூட வைக்கவில்லை. "அந்தப் பொண்ணு இந்தத் தெருவுல அழுதுக்கிட்டே பெட்டியைத் தூக்கிட்டுப் போனதை நான் பார்த்தேன். அவங்களோட சேர்ந்து நான் மண்வெட்டி பிடிக்கணுமா? அவ வாயால சொல்லட்டும், வர்றேன்" என்கிறார்.

என் மகனும் சனிக்கிழமைக்காரன். அவனைத் தொடாமல் இதை எழுத வழியில்லை, மன்னித்துவிடு. தையல்காரம்மாவுக்கு நீ நாலு வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
மாமா

மார்ச் 2

மாமா அவர்களுக்கு,

என்னால் முடியாது.

அந்தத் தெருவில் என் பக்கம் நின்றவர்கள் தையல்காரம்மாவும் இன்னும் சிலரும்தான். அவர்களிடம் போய், "எனக்காகக் கோபப்பட்டது போதும், போய்க் கை கோத்துக்கொள்ளுங்கள்" என்று நானே சொல்ல வேண்டுமா?

உங்கள் வீட்டில் இருந்த எட்டு வருடமும் "நீ கொஞ்சம் விட்டுக்கொடும்மா" என்ற ஒரே பாட்டுத்தான். நீங்களும் பாடியிருக்கிறீர்கள். ஊரை விட்டு வந்த பிறகுமா?

தோட்டம் கார் நிறுத்துமிடம் ஆனால் ஆகட்டும்.

மருமகள்

மார்ச் 24

அன்புள்ள மருமகளுக்கு,

நீ கேட்டது நியாயம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று நான் சாப்பிடவில்லை. இனி உன்னை எதையும் விட்டுக்கொடுக்கச் சொல்ல மாட்டேன். பதில் வராமல் போனாலும் இதைச் சொல்லியாக வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஆனால் கார் நிறுத்துமிடம் ஆகவிட மாட்டேன். யாரும் இறங்கி வரவில்லையா, நான் ஒரு கை பார்க்கிறேன் என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய், தோட்டத்துக் குழாயின் திருகுப்பிடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். புதன்கிழமை சாயங்காலம், எல்லாரும் வந்தால்தான் தண்ணீர் என்று கதவில் எழுதி ஒட்டினேன்.

முதல் புதன் ஈ காக்கை இல்லை. நான் மட்டும் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். செடிகள் வாடத் தொடங்கின. அடுத்த புதன் மருந்துக்கடைக்காரர் ஒரு பக்கமிருந்தும் தையல்காரம்மா மறுபக்கமிருந்தும் தபதபவென்று வந்தார்கள். "பெரியவரே, உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்றார் அவர். "நல்லாக் கேளுங்க சார்! செடியைக் கொல்லப் பார்க்கிறாரு" என்றார் இவர். அத்தனை மாதத்தில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அது. என்னைத் திட்டுவதில் இரண்டு கட்சியும் ஒன்றாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டு திட்டு வாங்கினேன். அப்படியே திட்டிக்கொண்டே அழுகிய பாத்தியைப் பிடுங்கிப் போட்டார்கள். போகும்போது புதன் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

என் மகன் வடிகால் வெட்டினான். அவனும் தையல்காரம்மாவும் பேசவில்லை. பேச வேண்டும் என்று நானும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
மாமா

ஏப்ரல் 2

அன்புள்ள மாமாவுக்கு,

ஆய்வகத்தில் வைத்துப் படித்தேன். நான் சிரித்த சிரிப்பில் ரத்தம் கொடுக்க வந்தவர் ஊசியைப் பார்த்துப் பயந்துவிட்டார்.

தையல்காரம்மாவுக்கு எழுதிவிட்டேன். நீங்கள் கேட்டபோது முடியவில்லை. கேட்காமல் விட்ட பிறகு முடிந்தது. கோபத்தை விடச் சொல்லவில்லை, கோபத்தோடேயே களை பிடுங்கச் சொல்லியிருக்கிறேன். அழுகிய இடத்தில் உடனே தக்காளி வைக்காதீர்கள். கீரை விதையுங்கள், சீக்கிரம் பச்சை காட்டும்.

உங்களை அன்று சாப்பிடாமல் இருக்க வைத்தது எனக்கு வருத்தம். எழுதியது எதையும் திரும்பப் பெறவில்லை. வருத்தம் வருத்தம்தான்.

மருமகள்

ஏப்ரல் 30

அன்புள்ள மருமகளுக்கு,

தோட்டம் தப்பித்தது! அதிகாரி வந்தார். பாத்தியில் குனிந்து நின்ற கூட்டத்தைப் பார்த்து, "யாரு இங்க தலைவர்?" என்று கேட்டார். ஒருவரும் நிமிரவில்லை. "வேலை இருக்கு சார், நீங்களே சுத்திப் பாருங்க" என்றார் தையல்காரம்மா. இன்னும் மூன்று வருடத்துக்கு அனுமதி. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். என் மகனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிவாகியிருக்கிறது. "புதுசா ஒருத்தி வர்ற வீட்டுல பழைய மருமகளோட கடிதம் வந்துக்கிட்டிருந்தா நல்லாவா இருக்கும்? தோட்டம்தான் பிழைச்சுடுச்சே, இனி என்ன எழுதப் போறீங்க?" என்று கேட்கிறான். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை.

எனக்கு எழுத நிறைய இருக்கிறது. ஆனால் உனக்குத் தொந்தரவா என்று தெரியவில்லை. நிறுத்து என்றால் நிறுத்திவிடுகிறேன். உள்ளதைச் சொல்.

இப்படிக்கு,
மாமா

மே 9

அன்புள்ள மாமாவுக்கு,

அவருக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். சொல்லிப் பார்த்தேன், வலிக்கவில்லை. கொஞ்சம்தான்.

புது மருமகள் வரும் வீட்டுக்கு நானும் இனி எழுதப்போவதில்லை. அது அவள் வீடு. அதனால் வேறு வழி யோசித்தேன்.

இங்கே பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு தரிசு நிலம். சில பேரைச் சேர்த்திருக்கிறேன். நிலம் முழுக்கக் கல். ஆட்கள் அதற்கு மேல். மண்ணைப் பற்றி எல்லாருக்கும் எல்லாமும் தெரியும். மண்வெட்டியைத் தொட மட்டும் ஆள் இல்லை. திட்டு வாங்கவும் முக்காலி போட்டு உட்காரவும் உங்களைப் போல ஒருவர் வேண்டும். சலவைக் கடைக்காரர் மாடியில் இன்னொரு அறை தருகிறார். கோபித்துக்கொண்டு வர வேண்டாம். கல்யாணத்தை நல்லபடியாக முடித்துவிட்டு, வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள்.

எத்தனை நாள் என்று நான் கேட்க மாட்டேன்.

மருமகள்

ஜூன் 17

அன்புள்ள அம்மாவுக்கு,

கல்யாணம் முடிந்தது. மருமகள் என்ற பெயர் இப்போது இன்னொருத்திக்கு, அதனால்தான் உன்னை அம்மா என்று எழுதுகிறேன். புதுப்பெண் நல்லவள், கலகலப்பாகப் பேசுகிறாள். தோட்டத்தைத் தோட்டத்துக்காரர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். புதன்கிழமை நான் போனால் குறுக்கே நிற்காதீர்கள் என்கிறார்கள்.

உன் ஊருக்கு வரப்போவதாக இன்று வீட்டில் சொன்னேன். என் மகன், "அங்க யாராவது நீங்க யாருன்னு கேட்டா என்ன சொல்வீங்க?" என்றான். கேட்டுவிட்டு அவனே என் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டிக் கொடுத்தான்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டுச் சீட்டு எடுக்கப் போகிறேன். இதை எழுதும்போதும் அவன் கேள்வியைத்தான் யோசிக்கிறேன். எனக்கு விடை தெரியவில்லை. தெரியாவிட்டாலும் வருகிறேன். அங்கே யாராவது கேட்டால், மாமா என்றோ, அப்பா என்றோ, வெறுமனே தெரிந்தவர் என்றோ, உன் வாயில் எது வருகிறதோ அதைச் சொல். நான் தலையாட்டிவிடுகிறேன்.

பதில் எழுதாதே. அது இங்கே வரும்போது இந்த முகவரியில் நான் இருக்க மாட்டேன்.